நிரசாவா காலியாக விட்ட கட்டம்

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நிரசாவா ஹிசாவோவின் தாள் ஃபேக்ஸில் கிளம்பும். ஒரே ஒரு தாள்தான். அதில் ஏழெட்டு வரிசை இருக்கும். ஒவ்வொரு வரிசையிலும், இன்னும் மூன்று மாதத்தில் வெளிவரப்போகும் ஒரு வீடியோ கேமின் பெயர், அதை வெளியிடும் நிறுவனம், வெளியாகும் தேதி. கடைசிக் கட்டத்தில் நிரசாவாவின் கையெழுத்தில் ஓர் எண். முதல் வாரத்தில் ஜப்பான் முழுக்க அது எத்தனை விற்கும் என்பதுதான் அந்த எண். எட்டு வருடமாகச் சொல்லிவைத்தாற்போல அது பலித்து வந்தது. பிசகினால் ஐந்நூறு, ஆயிரம் பிசகும்.

தோக்கியோவின் குராமாயே பகுதியில் தடுக்கி விழுந்தால் பொம்மை மொத்த வியாபாரி ஒருவர் மேல்தான் விழ வேண்டும். பொம்மை விற்றவர்களே கேமும் விற்கத் தொடங்கியதில், ஒடகிரி என்பவரின் நிறுவனத்தில் குமாஸ்தாவாக இருந்த நிரசாவாவுக்கு இந்த வேலை வந்து சேர்ந்தது. இரண்டாம் மாடியில் ஃபேக்ஸ் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு நாற்காலி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் கைக்கு எட்டும். அந்தச் சுவரில் எத்தனை விரிசல் என்று கேட்டால் அவர் திரும்பிப் பார்க்காமலே சொல்வார்.

தாள் கணக்குப்படி ஒடகிரியிடம் சரக்கெடுக்கும் நானூறு கடைகளுக்குத்தான் போக வேண்டும். ஆனால் அடுத்த தெரு வியாபாரிகள் கூச்சமே இல்லாமல் நகலெடுத்துத் தங்கள் கடைகளுக்கு அனுப்பினார்கள். மாலைக்குள் ஹொக்கைடோ முதல் ககோஷிமா வரை கேம் விற்கிறவர்கள் பாதிப் பேர் கையில் அது இருக்கும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பங்கு வழக்கம் உண்டு. யமகதா மாகாணத்தில் சிறு கடை வைத்திருந்த தோகாஷி என்ற அம்மாள், நிரசாவா பத்தாயிரம் எழுதினால் மூன்று எடுப்பாள், முப்பதாயிரம் எழுதினால் ஒன்பது எடுப்பாள். வாங்கிய சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்கிற பேச்சே இந்தத் தொழிலில் கிடையாது. அதனால் சொந்தப் புத்தியைப் பயன்படுத்த யாருக்கும் துணிச்சல் இல்லை. கடைகள் கேட்ட எண்ணிக்கையைக் கூட்டி, வெளியிடுகிற நிறுவனம் கேம் அடங்கிய கார்ட்ரிட்ஜை அவ்வளவு மட்டும் செய்யும். தீர்ந்துபோனால் மறுபடி செய்ய மூன்று மாதம் ஆகும். மூன்று மாதத்தில் பிள்ளைகள் வேறு கேமுக்குப் போய்விடுவார்கள்.

இதைப் படிக்கிறவருக்கு இப்போதே ஒரு சந்தேகம் தட்டியிருக்கும். நிரசாவாவுக்கு அது தட்ட இரண்டு வருடம் ஆனது. அதுவும் அவர் செய்த ஒரு தப்பால்தான் தட்டியது.

1988இல் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு ரோபோ கேம், ஒரு மீன்பிடி கேம். ரோபோவுக்கு நாற்பத்தைந்தாயிரம், மீனுக்குப் பதினாலாயிரம் என்று குறிப்பேட்டில் போட்டு வைத்திருந்தார். தாளில் எழுதும்போது வரிசை மாறிவிட்டது. ஃபேக்ஸ் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. திருத்தம் அனுப்ப வேண்டுமென்றால் முதலாளியின் முத்திரை வேண்டும், நானூறு கடைக்கும் மன்னிப்புக் கடிதம் வேண்டும். நாளைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். காலையில் மதியம் சொல்லலாம் என்று நினைத்தார். அதற்குள் கடைகளின் ஆர்டர் வந்து குவிந்துவிட்டது. சொல்கிற நேரம் கைநழுவிப் போயிற்று.

மூன்று மாதம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் மீன்பிடி கேம் நாற்பத்து நாலாயிரம் விற்றது. கடைவாசலில் மலைபோல் குவித்து வைத்திருந்தால் எவனுக்குத்தான் வாங்கத் தோன்றாது? ரோபோ பதின்மூவாயிரத்து அறுநூறு. வந்ததே அவ்வளவுதான், சனிக்கிழமைக்குள் தீர்ந்துபோனது. ரோபோவைத் தேடி வந்த பையன்கள் கையோடு மீனை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒடகிரி அவருக்காக ஓர் உணவகத்தையே வாடகைக்குப் பிடித்து விருந்து வைத்தார். "ஊரே ரோபோ ரோபோன்னு கத்திச்சு. இந்த மனுஷன் ஒருத்தன்தான்யா மீனைப் பாத்தான்!" என்று கோப்பையைத் தூக்கினார். நிரசாவா எழுந்து குனிந்து வணங்கினார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது, தான் எதையும் கணித்ததே இல்லை என்று. கருநாக்குக்காரன் சொன்னால் நடந்துவிடும் என்பார்களே, அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது அவர் கதை. அவர் எழுதுவதால் கடைக்காரர் எடுக்கிறார், எடுத்ததுதான் விற்கிறது, விற்றதை எண்ணினால் அவர் எழுதியதே வருகிறது. செக்குமாடுபோல ஒரே வட்டம்.

அதற்குப் பிறகு மூன்று முறை தன்னைக் கிடங்குக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். பெட்டி அடுக்குகிற வேலை போதும் என்றார். மூன்று முறையும் ஒடகிரி, "யோசிக்கலாம்" என்றார். இந்த ஊரில் யோசிக்கலாம் என்றால் முடியாது என்று பொருள், அது நிரசாவாவுக்குத் தெரியாதா! தெரிந்து திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தார். ஆண்டு முடிவில் கடைக்காரர்கள் நன்றிப் பரிசாகக் கயிறு சுற்றிய ஹாம் இறைச்சியும் பீரும் கடற்பாசிப் பெட்டியும் அனுப்பிக் குவித்தார்கள். அவர் மனைவி தாமியே சலவைக்கடையில் கல்லாவில் இருப்பவள், நாக்கில் சுரீரென்று ஒரு கூர்மை உண்டு. "இந்த ஹாமைச் சுத்தின கயித்தாலேயே உங்களையும் கட்டிப் போட்டாச்சு, இனி எங்க ஓடுவீங்க?" என்று சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

1994 செப்டம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் கனாயே சாப்பிட வந்திருந்தாள். வயது இருபத்தைந்து. பதினோரு பேர் மட்டும் இருந்த ஒரு சின்ன நிறுவனத்தில் கேமுக்குப் படம் வரைகிற வேலை. இரண்டு வருடமாக ஒரே கேம்தான். அதில் ஆடுகிறவன் கலங்கரை விளக்கின் காவலன். மூடுபனியில் வருகிற படகுகளைப் பாறையில் மோதாமல் கரைசேர்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். அதன் கடல் முழுவதும் கனாயே வரைந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு விதமான அலை வரைந்திருந்தாள்.

"அப்பா, அடுத்த செவ்வாய் எங்க கேம் உங்க தாள்ல வருது" என்றாள், முள்ளங்கித் துண்டை ஊதிக்கொண்டே.

"வரட்டுமே. நல்ல பெரிய நம்பரா அள்ளிப் போடுங்க" என்றாள் தாமியே. "கைதானே, தேய்ஞ்சா போகும்?"

"அம்மா! அப்படியெல்லாம் கேக்கக் கூடாது." கனாயே முள்ளங்கியைக் கடித்து விழுங்கினாள். பிறகு, "கேக்கலப்பா. தெரிஞ்சிருக்கட்டும்னு சொல்றேன். இருபத்தஞ்சாயிரம் வந்தாத்தான் நாங்க இருப்போம்."

"வரலைன்னா?"

"வெளியிடறவங்க வந்திருந்தாங்க. 'அடுத்த கேமைப் பத்தி அப்பறமா மெதுவாப் பேசலாம்'னுட்டுப் போனாங்க."

"அப்படின்னா கலைச்சாச்சுன்னு அர்த்தம்" என்றார் நிரசாவா.

"தெரியும்ப்பா. நானும் இந்த ஊர்லதானே பொறந்தேன்."

அவள் கண் கலங்கவில்லை. சோயா சாஸ் பாட்டிலை எடுத்து அப்பாவின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

நிரசாவா வாழ்நாளில் ஒரு கேமைக்கூட ஆடி முடித்தவர் இல்லை. ஆனால் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. சனிக்கிழமைகளில் கின்ஷிசோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கேம் கடைக்குப் போவார். வரப்போகும் கேம்களைச் சும்மா ஆடிப் பார்க்க அங்கே ஓர் இயந்திரம் வைத்திருப்பார்கள். பையன் எவ்வளவு நேரம் ஆடுகிறான் என்று எல்லோரும் பார்ப்பார்கள். நிரசாவா வேறொன்றைப் பார்ப்பார். தன் முறை முடிந்து அடுத்தவனிடம் கொடுத்த பிறகும் அவன் அங்கேயே நிற்கிறானா? நின்றால் வாங்குவான். பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் வாங்க மாட்டான்.

கனாயேயின் கேமை ஆகஸ்ட் முதலே அவர் கவனித்து வந்தார். கொடுத்துவிட்டு நின்றார்கள். முதலில் ஐந்தாறு பேர், பிறகு பத்துப் பன்னிரண்டு. ஒரு சனிக்கிழமை சாம்பல்நிற சூட் போட்ட ஓர் அலுவலக ஆள், வயது நாற்பது இருக்கும், பையன்களுக்குப் பின்னால் இருபது நிமிடம் நின்றான். யாரோ ஒரு பையன் படகைப் பாறையில் மோதவிட்டபோது "ஐயோ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, வெட்கப்பட்டு நகர்ந்தான். நிரசாவா அன்றைக்கு வீட்டுக்குப் போகும் ரயிலில் குறிப்பேட்டை எடுத்து, தேதி போட்டு, பென்சிலால் எழுதினார்: முப்பத்தோராயிரம்.

மகள் சொன்ன இருபத்தைந்தாயிரத்தைக் கேட்ட பிறகு, அந்த எண்ணைப் பார்க்க அவருக்குப் பயம் வந்தது. இது நான் பார்த்த எண்ணா, என் பாசம் பார்த்த எண்ணா? பாசத்துக்கு எத்தனை ஆயிரம் கழிப்பது? ஐந்தைக் கழித்தால் இருபத்தாறு, பிள்ளை பிழைத்தாள். ஏழைக் கழித்தால் இருபத்துநாலு. பதினோரு பேரும் தெருவில். யாரோ ஒருவன் மகளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு முப்பத்தொன்று எழுதியிருப்பார். தன் மகள் என்பதால் உண்மையே பொய்யைப்போல முறைத்தது. எண் மிகையாக இருந்து கடையில் தேங்கினாலோ, தோகாஷி அம்மாள் போன்றவர்கள் பத்தாயிரம் யென் பொருளை ஆயிரத்துக்கு வாசலில் கொட்டி விற்க வேண்டிவரும். அவர்கள் தன்னை நம்பினவர்கள். எதை எழுதினாலும் அது நடந்துவிடும் என்பதுதான் பெரிய கொடுமை. எழுதுவது கணிப்பாக இருந்தால் பரவாயில்லை, அது தீர்ப்பாக அல்லவா இருந்தது.

பதின்மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, ஏழு வரிசை எழுதி முடித்துவிட்டு எட்டாவதில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு ஒரு யோசனை வந்தது. எழுதாமலே விட்டால் என்ன? எண் இல்லையென்றால் கடைக்காரர் தாமே யோசிக்கட்டும். தம் கடையில் பிள்ளைகள் நிற்கிறார்களா என்று தாமே பார்க்கட்டும். எட்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு கேம் தன் கை படாமல் சொந்தக் காலில் விற்கும். வருகிற எண் எதுவோ அது உண்மையான எண்.

கட்டத்தைக் காலியாக விட்டார். இரண்டு மணிக்குத் தாள் போயிற்று. சிறையிலிருந்து வந்தவன்போல் மூச்சு விட்டு, தெருமுனைக் கடைக்குப் போய், சோபா நூடுல்ஸ் மேல் இறால் ஒன்றுக்கு இரண்டாகப் போடச் சொல்லிச் சாப்பிட்டார்.

யாராவது ஃபோன் செய்து, எட்டாவது விட்டுப்போயிற்றே என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்தார். கேட்டால், நீங்களே பாருங்கள் என்று சொல்லலாம் என்று காத்திருந்தார். செவ்வாய் யாரும் கேட்கவில்லை. புதன் கேட்கவில்லை. வியாழக்கிழமை மற்ற விஷயத்துக்கெல்லாம் ஃபோன் வந்தது, அதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இழவு வீட்டில் பேச்சைத் தவிர்ப்பதுபோல் தவிர்த்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை மொத்த ஆர்டர் கூட்டிப் பார்த்தார்கள். விளக்குக் காவலன் கேமுக்கு நாடு முழுவதும் வந்தது ஆறாயிரத்து இருநூறு.

நிரசாவா அந்த ஆர்டர் கணக்கை மூன்று முறை பார்த்தார். அப்போது தொலைபேசி அடித்தது. யமகதாவிலிருந்து தோகாஷி அம்மாள்.

"நிரசாவா-சான், ரொம்ப நன்றிங்க."

"எதுக்குங்க?"

"அதையும் வாய்விட்டுச் சொல்லணுமாங்க? அந்த விளக்கு கேமுக்கு நம்பரே போடாம விட்டீங்களே. பத்து நிமிஷம் தாளையே பாத்துக்கிட்டு இருந்தேன். அப்பறம்தான் பொறி தட்டிச்சு. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், 'பாருங்க, ஒரு கம்பெனிய பேர் சொல்லிக் கெடுக்க மனசு வராம விட்டிருக்காரு, என்ன ஒரு மனுஷன்'னு."

"ஐயையோ, இல்லீங்க தோகாஷி-சான். அப்படி எதுவும் இல்ல. எனக்கு எவ்வளவுன்னு தெரியல, அதான்..."

"உங்களுக்கா? தெரியலயா?" அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மீன் வருஷம் மறந்துருமா எங்களுக்கு? அன்னிக்கு உங்க நம்பர நம்பித்தான எங்க கடை நின்னுச்சு."

"நெசமாத்தாங்க சொல்றேன். அது நல்ல கேம். நீங்க எடுக்கலாம்."

"ஆமாமா, நல்ல கேம்தான், நல்ல கேம்தான்" என்றாள் அந்த அம்மாள், ஆறுதல் சொல்கிற குரலில். "நீங்க அப்படித்தான சொல்லியாகணும். புரியுதுங்க. அவங்க முகத்துக்காக நானும் ஒண்ணு எடுத்திருக்கேன்."

இல்லை இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல, அது ஆமாம் ஆமாம் என்றே அங்கே போய்ச் சேர்ந்தது. அது என் மகள் வரைந்த கேம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நாக்கு துடித்தது. சொன்னால் நானூறு கடையும் மரியாதைக்கு எடுத்துத் தள்ளும். அதைவிடப் பெரிய பிச்சை இல்லை. "உடம்பைப் பாத்துக்கங்க" என்று சொல்லி ஃபோனை வைத்தார்.

பேசாமல் இருப்பதே இந்த ஊரில் ஒரு பேச்சு. வேண்டாம் என்பதை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஐம்பத்திரண்டு வயதுவரை அதில் ஊறியவர் நிரசாவா. போன ஞாயிற்றுக்கிழமை சோற்றுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, கலைச்சாச்சுன்னு அர்த்தம் என்று மகளுக்கே பொழிப்புரை சொன்னவர். அவர்தான் ஆயிரம் மைல் நீளத்துக்கு ஒரு காலிக் கட்டத்தை அனுப்பிவிட்டு, அதை எல்லோரும் வெறும் காலியாகவே படிப்பார்கள் என்று நம்பியிருக்கிறார். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

திங்கட்கிழமை ஒடகிரி மாடியேறி வந்தார். மூட்டுவலிக்காரர், மாடி ஏறுகிறவரே அல்ல. மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அசத்திட்டயேப்பா! எல்லாக் கடையிலயும் அந்தக் காலிக் கட்டத்தப் பத்தித்தான் பேச்சு. நம்பரைவிட அதுலதான் நம்பிக்கை அதிகம்ங்கறாங்க. இனிமே மாசத்துக்கு ஒண்ணு அப்படி விட்டுரு."

"முதலாளி, அது அப்படி நெனச்சு விட்டதில்ல."

"நீ என்ன நெனச்சா என்ன? அவங்க என்ன நெனச்சாங்கன்னு பாரு."

டிசம்பர் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, கேம் வெளியானது. நிரசாவா வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக, வயிற்றுவலி என்று பொய் சொல்லி விடுப்பு எடுத்தார். கின்ஷிசோ கடைக்கு நாலு வந்திருந்தது. பத்து மணிக்குக் கடை திறந்தது, பத்தேகாலுக்குத் தீர்ந்துவிட்டது. அவர் சுவரோரம் ஒரு பழைய பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றார். வருகிறவர்களை எண்ணினார். இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் ஒரு மணிக்குள் இருபத்துமூன்று பேர். இருபத்துநாலாவதாக, சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்ததுபோல் மூச்சிரைக்க, அந்தச் சாம்பல்நிற சூட்காரன் வந்தான்.

"தீந்துருச்சுங்களா? எப்ப வரும்?"

கடைப்பெண் ஆழமாகக் குனிந்தாள். "ரொம்ப மன்னிச்சுக்கங்க. விசாரிச்சுப் பாக்கறோம்."

அவனும் இந்த ஊர்க்காரன்தானே. மறுபடி கேட்கவில்லை. சுவரில் இருந்த விளம்பரத்தாளில் கனாயேயின் கடலைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனான். அவன் பின்னாலேயே ஓடிப்போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் நிரசாவாவுக்கு இருந்தது. இருந்த இடத்திலேயே நின்றார்.

முதல் வாரம் விற்றது ஆறாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றெட்டு. முப்பது பெயர் போடுகிற பத்திரிகைப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. ஒடகிரி பழைய தாளை எடுத்து, எட்டாவது வரிசையின் காலிக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் பெரிதாக வட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். பலித்தது என்று பொருள். மறுபடி செய்வீர்களா என்று கனாயேயின் நிறுவனம் கேட்டதற்கு, வெளியிட்டவர்கள் மிகவும் பணிவாக, மெதுவாகப் பேசலாம் என்றார்கள்.

அந்த மாதக் கடைசியில் பதினோரு பேரும் மேசையைக் காலி செய்தார்கள். பெட்டி தூக்க அப்பா போயிருந்தார். அவரிடம் கொடுத்தது ஒரே ஒரு அட்டைப் பெட்டி, நிறைய காகிதம். வழியில் ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெயில் நன்றாகவே அடித்தது, குளிர்தான் விடவில்லை. கனாயே இயந்திரத்தில் காசு போட்டு இரண்டு சூடான காப்பி டின் எடுத்து வந்தாள்.

"ஏம்ப்பா அந்தக் கட்டத்தை விட்டீங்க?" என்றாள். கோபமில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

ஆறு வருடமாக ஒருவரிடமும் சொல்லாததை அவர் அப்போது சொன்னார். ரோபோ, மீன், மாறிப்போன வரிசை, எழுதினதெல்லாம் நடந்துவிடுகிற அந்தச் சாபம். "உன்னுதாவது என் கை படாமப் போகட்டும்னு நெனச்சேன்" என்றார்.

கனாயே டின்னைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "நீங்க மனசுல ஒண்ணு நெனச்சிருப்பீங்கல்ல? எத்தனை?"

அவர் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அவள் கையை நீட்டினாள். சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். தேதியையும் எண்ணையும் அவள் படித்தாள்.

"முப்பத்தோராயிரம்."

"ம்."

"எனக்காக ஏத்திப் போட்டதா?"

"இல்ல. பசங்க நின்னாங்க. ஆட்டத்தைக் கொடுத்துட்டும் நின்னாங்க." அவர் காப்பி டின்னைக் கீழே வைத்தார். "இப்ப சத்தியம் பண்ணுவேன். அன்னிக்கு எனக்கே என்மேல நம்பிக்கை வரல."

கனாயே குறிப்பேட்டை மூடி அவர் மடியில் வைத்தாள். ஆற்றில் ஒரு சரக்குப் படகு போயிற்று. அதன் பின்னால் எழுந்த அலையை, வரைகிறவள் பார்க்கிற மாதிரி, கரை சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை எழுதியிருக்கலாமேப்பா" என்றாள். "உண்மைதானே அது."

அவர் குறிப்பேட்டைச் சட்டைப் பையில் போட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு நடந்தார்கள்.

புத்தாண்டு விடுமுறை முடிந்த முதல் செவ்வாய்க்கிழமை, நிரசாவா எட்டு வரிசையையும் நிரப்பினார். எல்லாவற்றிலும் எண். தாளை எடுத்துக்கொண்டு கீழே போய் ஒடகிரியின் முன்னால் கைகட்டி நின்று, 1988இல் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வேலையைவிட்டு நீக்கினாலும் சரி, நானூறு கடைக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னாலும் சரி என்றார். சொல்லி முடித்தபோது உடம்பு லேசாகிவிட்டது. இனி முதலாளி கதவைத் திறந்து தன்னை விட்டே ஆக வேண்டும் என்று நம்பினார்.

ஒடகிரி தேநீரை உறிஞ்சினார். "தெரியுமே" என்றார்.

"என்னது?"

"அன்னிக்குச் சாயங்காலமே தெரியும். உன் குறிப்பேடு மேசைமேல தொறந்து கெடந்துச்சு. விருந்து எதுக்கு வெச்சேன்னு நெனச்ச? நம்பர் சரியா தப்பான்னு எவன்யா கேக்கறான்? எல்லாரும் ஒரே நம்பரைப் பாக்கணும். அது போதும், யாரும் நஷ்டப்பட மாட்டான்."

"அப்ப நான் எதுக்கு முதலாளி? யார் வேணும்னாலும் எழுதலாமே."

"எழுதலாம். ஆனா கடைக்காரன் உன் கையெழுத்தைத்தானே நம்பறான்." ஒடகிரி அவரை நிமிர்ந்து பார்த்தார். அன்பாகவே பார்த்தார், அதுதான் தாங்க முடியவில்லை. "கிடங்கு விஷயம் யோசிக்கலாம். போ."

பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்து, இழுப்பறையிலிருந்து வெள்ளை மை பாட்டிலை எடுத்தார். வரிசைகளை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். நாலாவதில் ஏதோ ஒரு சின்ன நிறுவனம், யாரும் கேள்விப்படாத பெயர். நிரசாவா அதற்குப் பத்தொன்பதாயிரம் எழுதியிருந்தார். அந்த எண்ணின் மேல் ஒடகிரி நிதானமாக, பிசிறில்லாமல் வெள்ளை பூசினார். வாயால் ஊதினார்.

"மாசம் ஒண்ணு" என்றார்.

நிரசாவா தாளை வாங்கிக்கொண்டார். மை காயும்வரை படிக்கட்டில் நின்றார். மேலே போய், இரண்டு மணிக்கு அனுப்பினார்.